"100 டிகிரி நார்மல் சார்"

திருமங்கலத்துல ஒரு மண்டபம், வைகாசி முகூர்த்தம். காலைல ஏழரைக்குள்ள தாலி கட்டியாச்சு, சாயங்காலம் ஏழு மணிக்கு ரிசப்ஷன், அதுக்குள்ள காலைல எடுத்தத வெட்டி ஒட்டி பாட்டு போட்டு மூணு நிமிஷ ஹைலைட்டா எல்இடி ஸ்க்ரீன்ல ஓட்டணும். ஸ்பாட் எடிட்னு சொல்லுவோம், இப்பல்லாம் இது இல்லைன்னா பார்ட்டி அட்வான்ஸே குடுக்க மாட்டேங்குறாங்க. பாத்திரம் அடுக்கி வச்சிருக்குற ஒரு ரூம் குடுத்தாங்க, ஜன்னல் இல்ல, ஃபேன் இருக்கு ஆனா சுத்தாது. சாட்டின் துணி மாட்டுன மண்டபச் சேர் ஒன்ன இழுத்துப் போட்டு அது மேல லேப்டாப்ப வச்சு நான் கீழ தரையில உக்காந்து எடிட் பண்ணேன். ஆறு மணி வாக்குல ஃபைனல் ரெண்டர் போட்டேன், வெட்டி ஒட்டுனத ஒரே வீடியோ ஃபைலா மாத்துற வேல அது. 71 பர்சன்ட் வந்துச்சு, ஸ்க்ரீன் கறுப்பாயிருச்சு. ஃபேன் மட்டும் ரெண்டு செகண்ட் விர்ருனு ஓடிட்டு அதுவும் நின்னுருச்சு.

பொண்ணோட தாய்மாமா கதவுல தலைய நீட்டி "என்ன தம்பி, படம் ரெடியா, மாப்ள வீட்டாளுக வந்துட்டாங்க"ன்னார். "அஞ்சு நிமிஷம்ணே"ன்னேன். கீ போர்டுல கை வச்சேன், சுர்ருனுச்சு, தோசைக்கல்லுல தண்ணி தெளிச்சு பாப்போம்ல அந்த மாதிரி. அன்னைக்கு எப்படியோ ரெசல்யூஷன குறைச்சு ரெண்டாவது தடவ ரெண்டர் போட்டு ஏழு இருபதுக்கு ஓட்டிட்டேன், யாருக்கும் தெரியல, ஆனா எனக்கு சட்டை ஃபுல்லா நனைஞ்சிருச்சு.

இந்த லேப்டாப் வாங்கி அப்ப சரியா மூணு மாசம்தான் ஆகுது. 1,42,000 ரூபா, பன்னெண்டு மாச இஎம்ஐ. என்ன பிராண்டுன்னு கேக்காதீங்க, சொல்ல மாட்டேன், இன்னும் வாரண்டி ஓடிட்டு இருக்கு, அவங்க தயவு வேணும். வீட்ல அசெம்பிள் பண்ண டெஸ்க்டாப் ஒன்னு இருக்கு, அத தூக்கிட்டு மண்டபத்துக்குப் போக முடியாதுல்ல, அதான் இது. கேமிங் லேப்டாப்தான், நான் கேம் எல்லாம் ஆடுற ஆளு இல்ல, ஆனா எடிட்டிங்குக்கு வேகம் வேணும்னா கடைல அதத்தான் காட்டுவாங்க. இன்டெல் 13வது ஜெனரேஷன் ஐ7 ஹெச்எக்ஸ், ஆர்டிஎக்ஸ் 4060, 32 ஜிபி ரேம். இன்டெல்தான் வேணும்னு நானே அடம் புடிச்சு வாங்குனது, ஏன்னா என் கேமரால ஷூட் பண்றது ஹெச்.265, 10 பிட், 4:2:2ன்னு கலர் விவரம் அதிகமா இருக்குற ஒரு வீடியோ ஃபார்மேட், அந்த ஃபைல இந்த ஆர்டிஎக்ஸ் 4060 மாதிரி 40 சீரிஸ் என்விடியா கார்டு நேரடியா டீகோட் பண்ணாது, அதாவது பிரிச்சுப் படிக்காது, இன்டெல் ப்ராசசருக்குள்ள இருக்குற சின்ன கிராபிக்ஸ் பண்ணும். டைம்லைன்ல திக்காம ஓடுறதும் திக்கித் திக்கி ஓடுறதும் இந்த ஒரு விஷயத்துலதான் இருக்கு, கல்யாண வீடியோ எடிட் பண்றவங்களுக்குப் புரியும்.

மொத ரெண்டு மாசம் ஒன்னுமில்ல. மாசி பங்குனி, ரூம்ல ஏசி, நல்லாத்தான் போச்சு. சித்திரை பொறந்ததும் ஆரம்பிச்சது. மதுரை வெயில் பத்தி நான் சொல்லணுமா, என் எடிட்டிங் ரூம் மாடில இருக்கு, மேல நேரா தளம், ராத்திரி பதினொரு மணிக்கும் செவுத்துல கை வச்சா சூடா இருக்கும். வாரத்துக்கு ஒரு தடவ ரீஸ்டார்ட் ஆச்சு, அப்பறம் மூணு நாளைக்கு ஒரு தடவ, அப்பறம் நீல ஸ்க்ரீன், விண்டோஸ் ஓட முடியாம ஒரு எரர் பேரக் காட்டிட்டு நின்னுரும்ல அது. ஹெச்டபிள்யூஇன்ஃபோன்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, உள்ள இருக்குற எல்லா சென்சாரையும் காட்டும், அத போட்டுப் பாத்தா ப்ராசசர் 100 டிகிரி. சிவப்பு கலர்ல. ரெண்டர் போட்ட பத்தாவது செகண்ட்லயே 100.

தண்ணி கொதிக்கிற சூடு. அதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்னு நெனச்சு கம்ப்ளைன்ட் போட்டேன்.

ஆன்சைட் வாரண்டி, வீட்டுக்கே டெக்னீஷியன் வந்தார். சின்னப் பையன், நல்ல பையன், அவர் மேல எனக்கு கோவமே இல்ல. பின்னாடி மூடியக் கழட்டி ப்ளோயர் வச்சு ஊதுனார், தூசியே வரல, மூணு மாச லேப்டாப்புல என்ன தூசி இருக்கும். போட்டு பாத்துட்டு "100 டிகிரி நார்மல் சார், ஏசி ரூம்ல யூஸ் பண்ணுங்க"ன்னார். எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல. மண்டபத்துல பாத்திர ரூம்ல ஏசிக்கு நான் எங்க போறது. காப்பி குடுத்து அனுப்பிட்டு ராத்திரி உக்காந்து படிக்க ஆரம்பிச்சேன், ஒரு வாரம் தூக்கம் போச்சு.

படிச்சதுல மொதல்ல தெரிஞ்சது என்னன்னா, அந்தத் தம்பி சொன்னது பொய் இல்ல. இந்த மாதிரி ப்ராசசருக்கு 100 டிகிரிங்கிறது எல்லைக்கோடு, அத தொட்டதும் அது தானா வேகத்தக் குறைச்சுக்கும், குறைச்சு குறைச்சு அந்தக் கோட்டுலயே நிக்கும். த்ராட்டில் ஆகுதுன்னு சொல்றது இதத்தான். அணைஞ்சு போகாது. அணையணும்னா அதுக்கும் மேல எங்கயோ போகணும், அது சூட்ட இழுக்குற ஹீட் சிங்க் கழண்டு விழுந்தாலோ ஃபேன் செத்தாலோதான் நடக்கும்.

ரெண்டாவது, வாட்ஸ் கணக்கு. இந்த ஹெச்எக்ஸ் ப்ராசசருக்கு இன்டெல் போட்டிருக்குற பேஸ் பவர், அதாவது சாதாரண வேகத்துக்கு, 55 வாட்ஸ், மேக்சிமம் டர்போ, அதாவது முழு வேகத்துக்கு, 157 வாட்ஸ். 157ங்கிறது நம்ம வீட்டு பழைய சீலிங் ஃபேன் ரெண்டு ஓடுற கரண்ட், அது மொத்தமும் கட்டைவிரல் நகத்தவிட கொஞ்சம் பெரிய ஒரு சில்லுக்குள்ள சூடா மாறுது, அந்தச் சூட்ட ரெண்டரை விரல் உசரம் கூட இல்லாத ஒரு டப்பால இருந்து ரெண்டு சின்ன ஃபேன் வெளிய தள்ளணும், பக்கத்துலயே கிராபிக்ஸ் கார்டு அது பங்குக்கு நூறு வாட்ஸ தாண்டி எரிஞ்சுட்டு இருக்கும், ரெண்டுக்கும் ஒரே செப்புக்குழாய்தான். டப்பா மேல ஒட்டியிருக்குற வேகம் பொய் இல்ல, ஆனா அது நிமிஷக் கணக்குல ஓடுற வேகம், மணிக்கணக்குக்கு இல்ல. கடைக்காரர் இத சொல்ல மாட்டார், ரிவ்யூ போடுறவங்கள்ல பாதிப்பேரும் சொல்ல மாட்டாங்க, சொன்னாலும் 22 டிகிரி ரூம்ல உக்காந்து சொல்லுவாங்க.

இதுல எனக்குப் புரிய நாளானது ஒன்னு இருக்கு. ரூம் சூடு ஏறுனா ப்ராசசர் டிகிரி ஏறாது, அது ஏற்கனவே 100ல முட்டிட்டு நிக்குது. ஏறுறதுக்கு இடம் இல்லாம வாட்ஸ் இறங்கும், அதாவது வேகம் இறங்கும். ஒரே டைம்லைன ரெண்டு தடவ ரெண்டர் பண்ணிப் பாத்தேன். ஏசி போட்டு 14 நிமிஷம், ஏசி இல்லாம மத்தியானம் ரெண்டு மணிக்கு 19 நிமிஷம். ரெண்டு தடவயும் மீட்டர்ல அதே 100தான். டிகிரிய மட்டும் பாத்துட்டு சண்டை போட்டா சர்வீஸ்காரங்க ஜெயிச்சுருவாங்க, நிமிஷத்தையும் வாட்ஸையும் எழுதி வச்சுக்கணும்.

இது எனக்கு மட்டும் வந்த வினை இல்லன்னும் தெரிஞ்சது. 2018 ஜூலைல மேக்புக் ப்ரோல ஐ9 போட்டு வந்தப்ப டேவ் லீன்னு ஒரு யூட்யூபர் அத ஃப்ரீசர்ல வச்சு ரெண்டர் பண்ணிக் காட்டுனார், ஐஸ்கிரீம் பக்கத்துல லேப்டாப், வெளிய வச்சத விட ஃப்ரீசர்ல வேகமா முடிஞ்சது. ரொம்ப சிரிச்சாங்க எல்லாரும், ஆனா அதே மாசமே ஆப்பிள், சூட்டக் கட்டுப்படுத்துற ஃபர்ம்வேர்ல ஒரு டிஜிட்டல் கீ விடுபட்டுப் போச்சுன்னு ஒத்துக்கிட்டு அப்டேட் விட்டாங்க. அப்பறம் 2024ல இன்டெல் 13, 14வது ஜெனரேஷன் டெஸ்க்டாப் ப்ராசசர்கள் நின்னு நின்னு போன கதை, வோல்டேஜ் தேவைக்கு மேல ஏறி சில்லே தேயுதுன்னு கண்டுபிடிச்சு ஆகஸ்ட்ல மைக்ரோகோட்னு ப்ராசசருக்குள்ள போற அப்டேட் விட்டு வாரண்டிய ரெண்டு வருஷம் நீட்டுனாங்க. 13னு பாத்ததும் எனக்கு வயித்துல புளியக் கரைச்சது, என்னதும் 13 தானே. ரெண்டு ராத்திரி அதுலயே போச்சு. லேப்டாப் ப்ராசசருக்கு அந்தப் பிரச்சன இல்லன்னு இன்டெல் சொல்லியிருந்தத மூணாவது ராத்திரிதான் படிச்சேன்.

அப்ப ஏன் அணையுது?

ரெண்டாவது தடவ வந்தவங்க, மதர்போர்டுக்குள்ள இருக்குற பயாஸ்ங்கிற சாஃப்ட்வேர அப்டேட் பண்ணி விண்டோஸ் ரீசெட் அடிச்சாங்க. என் ப்ரீசெட், ப்ளக்இன், ஃபாண்ட் எல்லாம் போச்சு, செந்தமிழ் ஃபாண்ட் ஒன்னு ஒரு ப்ரெஸ்காரர்கிட்ட கெஞ்சி வாங்குனது, அதுவும் போச்சு. நாலு நாள்ல திரும்ப நீல ஸ்க்ரீன். மூணாவது தடவ ஃபோன்ல பேசுறப்ப, நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்கு போட்டுட்டு அப்பறம் பேசுறேன்னேன், அதுக்கப்பறம்தான் எதிர்ல குரல் மாறுச்சு. மதர்போர்டே மாத்தித் தரோம்னாங்க. மாத்துனாங்க. மதர்போர்டோட ப்ராசசரும் கிராபிக்ஸும் சேந்து வரும், எல்லாம் ஒட்டியிருக்குறது, ஆக கிட்டத்தட்ட புது லேப்டாப். பழைய போர்டுல இருந்து ரேம் ரெண்டையும் எஸ்எஸ்டியையும் கழட்டி புது போர்டுல மாட்டுனாங்க. நான் பக்கத்துல உக்காந்து பாத்துட்டுதான் இருந்தேன். அந்த நிமிஷம் எனக்கும் ஒன்னும் தோணல, அவங்களுக்கும் தோணல.

புது போர்டு வந்த ஆறாம் நாள் ஒரு ஃபோன். வில்லாபுரத்துல ஒரு பார்ட்டி, முழு வீடியோவ பென் ட்ரைவ்ல குடுத்திருந்தேன். பொண்ணோட அம்மா பேசுறாங்க, "தம்பி, தாலி கட்டுற எடத்துல என்னமோ பச்சையா கட்டம் கட்டமா வருதே, அது டிசைனா?" டிசைனான்னு கேட்டாங்க பாருங்க, அந்தம்மாவுக்கு கோயிலே கட்டலாம். போட்டுப் பாத்தேன். மாப்ள கை கழுத்துக்குப் பின்னாடி போகுது, நாத்தனார் மூணாவது முடிச்சு போடக் குனியுது, அந்த இடத்துல ஒரு முக்கா செகண்ட் படம் முழுக்க பச்சையும் ரோஸுமா கட்டம். லேப்டாப்புல இருக்குற ஒரிஜினல் க்ளிப்ப திறந்தேன், அதுலயும் இருக்கு. உயிரே போச்சு, ஏன்னா கல்யாணத்த திரும்ப நடத்தச் சொல்ல முடியாது. நல்லவேளை ஷூட்டுக்கு வந்த தம்பி மெமரி கார்ட இன்னும் ஃபார்மேட் பண்ணல, சோம்பேறி, அவன் சோம்பேறித்தனத்துக்கு அந்த மாசம் ஐநூறு ரூபா சேத்துக் குடுத்தேன். கார்டுல அதே க்ளிப்ப போட்டா சுத்தமா இருக்கு.

கார்டுல நல்லா இருக்கு, லேப்டாப்புக்கு வந்த காப்பில கெட்டிருக்கு. சூட்டுல ப்ராசசர் மெதுவா ஓடும், பச்சைக் கட்டம் எப்படி வரும்? வண்டி சூடானா இழுவை குறையும், டிக்கில வச்ச தேங்கா மாங்காயா மாறாதுல்ல. காப்பி பண்றப்ப டேட்டா ரேம் வழியாதான் போகும். அப்பதான் மண்டைல உறைச்சது.

பழைய நீல ஸ்க்ரீன் போட்டோவ எல்லாம் ஃபோன்ல தேடி எடுத்துப் பாத்தேன், ஏழெட்டு இருந்துச்சு, ஒவ்வொன்னுலயும் ஒவ்வொரு எரர் பேரு. ஒரே கோளாறுன்னா பெரும்பாலும் ஒரே பேரா வரும், பேரு மாறி மாறி வந்தா மொதல்ல ரேம சந்தேகப்படணும், இது பழைய அசெம்பிள் கடைக்காரங்களுக்கு மனப்பாடம். எரர எல்லாம் விண்டோஸ் எழுதி வைக்கிற ஈவென்ட் வியூவர்ல கர்னல் பவர் 41னு இருக்கும், அத வச்சு நான் ஒரு மாசம் பவர் பிரச்சன, அடாப்டர் பிரச்சன, இன்வெர்ட்டர் பிரச்சனன்னு அலைஞ்சேன், அதுக்கு அர்த்தம் ஒழுங்கா ஷட்டவுன் ஆகாம திரும்ப எந்திரிச்சேங்கிறது மட்டும்தான், ஏன்னு அதுக்கே தெரியாது.

ரேம சோதிக்கிற மெம்டெஸ்ட்86ங்கிற சாஃப்ட்வேர பென் ட்ரைவ்ல போட்டு ராத்திரி ஓட விட்டேன். நாலு ரவுண்டு, காலைல பாத்தா பச்சைல பாஸ். சப்புனு ஆயிருச்சு. ரெண்டு நாள் கழிச்சுதான் இன்னொன்னு தோணுச்சு. ராத்திரி ஏசில சும்மா இருந்த மிஷின்ல டெஸ்ட் பண்ணா, அதுவும் அந்த டெஸ்ட்ல கிராபிக்ஸ் கார்டு தூங்கிட்டு இருக்கும், ரேம் எப்படிச் சூடாகும். டிடிஆர்5 ரேம்ல அதுக்குன்னே ஒரு சென்சார் உண்டு, ஹெச்டபிள்யூஇன்ஃபோல கீழ தள்ளிப் போனா தெரியும், நான் இவ்ளோ நாளும் மேல இருக்குற 100ஐயே வெறிச்சுப் பாத்துட்டு இருந்திருக்கேன். ரெண்டர்ல பாத்தா ஒரு ஸ்டிக் 79, இன்னொன்னு 86. ரேமுக்கு 85 வரைக்கும்தான் சாதாரணக் கணக்கு, அத தாண்டுனா அது டேட்டாவ ரெண்டு மடங்கு அடிக்கடி புதுப்பிச்சாதான் நிக்கும், சார்ஜ் கசியுறது அவ்ளோ வேகமாயிரும். நல்ல ரேம் 86ல தாங்கும், கொஞ்சம் சொத்தையா வந்த ரேம் தாங்காது.

ஞாயித்துக்கிழமை மத்தியானம், ஏசி ஆஃப், ஒரு மணி நேரம் ரெண்டர் போட்டு நல்லா காய வச்சு, ஆற விடாம ரீஸ்டார்ட் பண்ணி நேரா மெம்டெஸ்ட். எட்டாவது நிமிஷம் சிவப்புக் கோடு ஒன்னு. அப்பறம் வரிசையா. என் வாழ்க்கைல எரர பாத்து இவ்ளோ சந்தோசப்பட்டதே இல்ல, "ஏங்க, எதுக்கு தனியா சிரிச்சுட்டு இருக்கீங்க"ன்னு மனைவி வந்து எட்டிப் பாத்துட்டுப் போனா. ஒரு ஸ்டிக்க கழட்டி டெஸ்ட், அத மாட்டி இன்னொன்ன கழட்டி டெஸ்ட், சாயங்காலத்துக்குள்ள எது சொத்தைன்னு தெரிஞ்சு போச்சு. அந்த 86தான்.

நாலாவது தடவ அதே மொத வந்த தம்பி. போட்டோ, வீடியோ, மணி, டிகிரி எல்லாம் ஒரு பேப்பர்ல எழுதி வச்சிருந்தேன். பாத்துட்டு கொஞ்ச நேரம் பேசல. "எங்களுக்கு கம்பெனி குடுத்த டெஸ்ட் டூல்ல பாஸ்னுதான்ணே காட்டுது"ன்னார். சார் போயி அண்ணே ஆயிருச்சு. அந்த டூல் மூணு நிமிஷம்தான் ஓடும், அதுவும் மிஷின் ஆறிக் கெடக்குறப்ப. ஆறு நாள்ல புது ரேம் வந்துச்சு. அந்த ஆறு நாளும் 16 ஜிபியோட ஒத்தக் கால்ல ஓட்டுனேன், ஒரு ரீஸ்டார்ட் கூட இல்ல.

புது ரேம் போட்டு ரெண்டு மாசம் தாண்டிருச்சு, ஒரு தடவ கூட அணையல. ஆனா 100 டிகிரி? அது அப்படியேதான் இருந்துச்சு. எனக்கு ரெண்டு நோய், நான் ஒரே நோய்னு நெனச்சு வைத்தியம் பாத்துட்டு இருந்தேன், ஒன்னு கோளாறு, இன்னொன்னு அது பொறப்பே அப்படி. ரெண்டாவதுக்கு வாரண்டில மருந்து கிடையாது, நாமதான் பாத்துக்கணும்.

அவங்க குடுத்த கன்ட்ரோல் சாஃப்ட்வேர்லயே கஸ்டம் மோடுன்னு ஒன்னு இருக்கு, அதுல ப்ராசசர் வாட்ஸ 65ல கட்டிப் போட்டேன். என்ன ஆச்சுங்கிறீங்க, அந்த 14 நிமிஷ ரெண்டர் 15 நிமிஷம் ஆச்சு, சூடு 84க்கு இறங்கிருச்சு, ரேமும் 70க்கு வந்துச்சு. ஃபேன் சத்தமும் ஏரோப்ளேன்ல இருந்து மிக்ஸி அளவுக்கு வந்துச்சு. அந்த மிச்ச வாட்ஸ் எல்லாம் ஒரே ஒரு நிமிஷத்துக்காக எரிஞ்சுட்டு இருந்திருக்கு. இந்த மோடு இல்லாத லேப்டாப்னா விண்டோஸ் பவர் ஆப்ஷன்ல ப்ராசசர் மேக்சிமம் 100 பர்சன்ட்ங்கிறத 99னு மாத்துனா டர்போவே நின்னுரும், கொஞ்சம் முரட்டு வைத்தியம், வேகம் நல்லாவே குறையும், மண்டபத்துல ஆபத்துக்கு ஓகே. பேட்டரி சார்ஜ 80ல நிறுத்தி வச்சிருக்கேன், எப்பவும் ப்ளக்லயே கெடக்குற சூடான பேட்டரி ஃபுல் சார்ஜ்ல இருந்தா சீக்கிரம் உப்பிக்கும்.

ஆயிரத்து ஐநூறு ரூபாய்க்கு நீல லைட் போட்ட கூலிங் பேடும் வாங்குனேன், ரெண்டு டிகிரி கூட குறையல, அந்தக் காச வேஸ்ட் பண்ணாதீங்க. அதவிட பின்பக்கம் ரெண்டு விரல் உசரம் தூக்கி வச்சாலே நாலஞ்சு டிகிரி இறங்குது, காத்து கீழ இருந்துதான் உள்ள போகணும். திருமங்கலத்துல சாட்டின் துணி அந்த ஓட்டையத்தான் அடைச்சிருக்கு, துணி ஃபேனோட இழுவைக்கு உள்வாங்கி ஒட்டிக்கிட்டு இருந்துச்சு, அன்னைக்கு ரேம் எவ்ளோ ஏறிச்சோ. இப்ப வீட்ல இருந்த சப்பாத்திப் பலகைய எடுத்துட்டுப் போறேன், மூணு கால் வச்ச வட்டப் பலகை, லேப்டாப்புக்கு நடுவுல அது சரியா நிக்குது, ரெண்டு பக்கமும் ஓட்டை ஃப்ரீ. முகூர்த்த நாள்ல எங்க வீட்ல சப்பாத்தி கிடையாது, அதுக்கு தனியா வாங்கிக் கட்டிக்கிறேன்.

காப்பி விஷயத்துல மட்டும் இப்ப யாரையும் நம்புறதில்ல. கார்டுல இருந்து எடுக்குறப்ப செக்சம், அதாவது ஃபைல வச்சுக் கணக்குப் போட்டு வர்ற ஒரு நம்பர், அத பாத்து காப்பி பண்ற சாஃப்ட்வேர்லதான் பண்றேன், ரிசால்வ்ங்கிற எடிட்டிங் சாஃப்ட்வேர்லயே க்ளோன் டூல்னு ஒன்னு இருக்கு, இலவச வெர்ஷன்லயும் இருக்கு, காப்பி முடிச்சதும் ரெண்டு பக்கமும் ஒன்னுதானான்னு சரிபாத்துச் சொல்லும். கொஞ்சம் கூட நேரம் ஆகும். டெலிவரி குடுத்து ஒரு மாசம் வரைக்கும் கார்ட ஃபார்மேட் பண்ணக் கூடாதுன்னு தம்பிகிட்ட சொல்லியாச்சு, அவன் "நான் எப்பண்ணே பண்ணியிருக்கேன்"னான்.

ஏப்ரல்ல இருந்து ஜூன் வரைக்கும் அந்த லேப்டாப்புல காப்பி பண்ண பதினோரு கல்யாணத்தையும் ஒவ்வொரு க்ளிப்பா ஓட்டிப் பாத்துட்டு வரேன். இதுவரைக்கும் எட்டு முடிஞ்சிருக்கு, ரெண்டு க்ளிப்ல கட்டம் இருந்துச்சு, ஒன்னு பந்தி, இன்னொன்னு யாரோ செருப்பு தேடுறது, ரெண்டும் ஃபைனல்ல வரல. மிச்சம் மூணு. மதர்போர்டு மாத்துனதுல இருந்து கைரேகை சென்சார் வேலை செய்யல, அதுக்கு அஞ்சாவது கம்ப்ளைன்ட் போட்டிருக்கேன், "விண்டோஸ் ரீசெட் பண்ணிப் பாருங்க சார்"னு மெயில் வந்திருக்கு.